தாய்க்கப்பலின் அடித்தகடு

...பக்கத்துக்குப் பன்னிரண்டு ஒளிப்பீரங்கி, சரி, மூக்கில் இரட்டைக் குழல், அதுவும் சரி, வாலில் ஒன்றும் கிடையாது, ஏனென்றால் தாய்க்கப்பல் எவனுக்கும் முதுகு காட்டி ஓடாது என்று எட்டாம் வகுப்பில் நதீம் சத்தியம் செய்திருந்தான், அடப்பாவி, அதைக்கூட விடாமல் எழுதியிருக்கிறானே... ஜெகதீஸ்வரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கைபேசியை மூக்கருகே பிடித்துப் படித்தான். திருச்செங்கோட்டில் அவனுடைய லாரி பாடி கட்டும் பட்டறை, மதியச் சாப்பாட்டு நேரம், வெல்டிங் சத்தம் ஓய்ந்திருந்தது, பாதி கட்டிய லாரி ஒன்றின் நிழலில் டயர் மேல் உட்கார்ந்திருந்தான். சென்னையிலிருந்து நதீம் காலையில் கதையை அனுப்பியிருந்தான், கூடவே இரண்டு வரி: ‘நாளைக்கு அச்சுக்குப் போகுது. கப்பல் உன்னோடது. தப்பு இருந்தா நாலு மணிக்குள்ள கூப்பிட்டுச் சொல்லு.’ நாலு வருஷம் கழித்து வந்த செய்தி, நல்லாயிருக்கியா என்று ஒரு வார்த்தை கிடையாது... ஏன் இருக்க வேண்டும், நீ கேட்டாயா இத்தனை நாளாக?

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கக் கணக்கு நோட்டு, கடைசி பெஞ்ச், கப்பல் படம் நதீமுடையது, அளவெல்லாம் ஜெகதீஸ்வரனுடையது. அப்பாவின் பட்டறையில் பார்த்ததுதானே அவனுக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம், அதனால் நட்சத்திரங்களுக்கு நடுவே போர் செய்கிற அந்தக் கப்பலுக்கு மட்கார்டு இருந்தது, முன்னால் பம்பர் இருந்தது, பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டியிருந்தது, எதிரிகளிடம் எத்தனை ஏவுகணை இருந்தால் என்ன, திருஷ்டி கழிக்கத் தெரியாத பயல்கள். வயிற்றுக்குள் நாற்பத்தெட்டுக் குட்டி விமானங்கள், அவை சண்டை முடிந்து திரும்பும்போது கப்பலைச் சூழ்ந்த காந்தத் திரையை ஆறு நிமிடம் இறக்கியே ஆக வேண்டும், அந்த ஆறு நிமிடத்துக்குக் கப்பலைக் காப்பாற்ற அடித்தகடு ஒன்றுதான், எவ்வளவு தடிமன் போடலாம் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் நாலு கேஜ். அதைவிடத் தடித்த தகடு அப்பா பட்டறையில் கிடையாது, ஆகவே பிரபஞ்சத்திலேயே கிடையாது. நதீமின் அம்மா பஷீரா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நோட்டை எட்டிப் பார்ப்பார், “இத்தன பீரங்கி வச்சிருக்கீங்களே, உள்ள இருக்கறவனுங்களுக்குச் சோறு யாரு கண்ணு ஆக்குறது?” என்று கேட்டார் ஒருநாள். இரண்டு பேருக்கும் சுருக்கென்று பட்டது, மறுநாளே பீரங்கித் தளத்துக்குப் பக்கத்தில் ஒரு சமையலறை, அதற்குத் தலைவி பஷீரா, கப்பல் கேப்டனே அவரிடம் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். அந்தச் சமையலறை கதையிலும் இருந்தது, நாற்பத்தோராம் பக்கம், இரட்டைத் திரை போட்டு, இரண்டு பீரங்கியைக் காவலுக்கு நிறுத்தி... எழுத்து மங்கியது, ஜெகதீஸ்வரன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நாலு வருஷத்துக்கு முன் அந்த அம்மா இறந்த அன்று காலை ஏழு மணிக்கே தகவல் வந்துவிட்டது, வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கென்று ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு ரிக் வண்டிக்குக் கடைசி வேலை பாக்கி, வெளியூர் டிரைவர் காத்துக்கொண்டிருந்தான், வாணியம்பாடியிலிருந்து நதீமின் தங்கைகள் வர வேண்டும், எப்படியும் சாயங்காலம் ஆகும், நம் அப்பாவை பெங்களூர் அக்கா வருவதற்காக மறுநாள் மதியம்வரை வைத்திருந்தோமே... இப்படித்தான் நினைத்தான். வேலையை முடித்து, குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ரோஜா மாலையும் வாங்கிக்கொண்டு ஐந்து மணிக்கு நதீம் வீட்டுத் தெருமுனையில் போய் நின்றால், ஒருவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். “மத்தியானம் லுஹர் தொழுக முடிஞ்சதும் அடக்கம் பண்ணியாச்சுங்களே, நீங்க இப்பத்தான் வாரீங்களா?” என்றார். முப்பது வருஷம் அந்த வீட்டில் தின்றவனுக்கு அவர்கள் வழக்கம்கூடத் தெரியவில்லை, காத்திருக்க மாட்டார்கள் என்று தெரியவில்லை, மாலை போட மாட்டார்கள் என்று தெரியவில்லை, என்னத்தைத் தெரிந்துகொண்டாய் நீ? வெட்கம் பிடுங்கித் தின்றது, நதீம் முகத்தில் முழிக்கத் துணிவில்லாமல் அப்படியே திரும்பிவிட்டான். நாளைக்குப் போகலாம் என்றான், நாளை வாரமாயிற்று, வாரம் வருஷமாயிற்று, நதீமைப் பொறுத்தவரை அவன் வரவேயில்லை.

“ஏனுங், பம்பருக்குச் செவப்பா மஞ்சளாங்?” பெயின்டர் மயில்சாமி வாளியோடு நின்றிருந்தார். “மஞ்சளே அடிங்க, மயில்சாமிண்ணா” என்றுவிட்டு அடுத்த பக்கத்தைத் தள்ளினான், மணி மூன்றரை, அறுபத்தோராம் பக்கம்... என்ன இது? ‘தாய்க்கப்பலின் அடித்தகடு இருபத்து நாலு கேஜ், எந்த ஏவுகணையும் துளைக்க முடியாத தடிமன்.’ ஜெகதீஸ்வரன் பக்கென்று சிரித்துவிட்டான். இருபத்து நாலு கேஜில் டிரங்குப் பெட்டிதான் செய்யலாம், குழந்தை முட்டினாலே நெளிந்துவிடும்! நம்பர் ஏறினால் தடிமன் ஏறும் என்று நினைத்துவிட்டான் மடையன், கடைவீதியில் வளர்ந்தவனுக்குத் தகட்டைப் பற்றி என்ன தெரியும்... ‘டேய், கேஜ் கூடினா தகடு மெலிசு, நாலுன்னு மாத்து’ என்று தட்டினான், அனுப்பப் போன கட்டைவிரல் நின்றது. கடைவீதியில் என்ன கடை? நூல் கடை. அவன் அத்தாவின் நூல் கடையில் கோன்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன், நாற்பதாம் நம்பர் நூலைவிட எண்பதாம் நம்பர் சன்னம் என்று தாய்ப்பாலோடு குடித்தவன், கேஜ் கணக்கை முதல்முதலாகச் சொன்ன அன்று, “அட, எங்க நூல் மாதிரியேடா!” என்று தொடையில் தட்டிச் சிரித்தவன்... அவனா இதில் தப்பு விடுவான்? பீரங்கி எல்லாம் சரி, மிளகாய் முதற்கொண்டு சரி, இது ஒன்று மட்டும் தப்பு, அதுவும் என்னைத் தவிர ஒருவனும் கண்டுபிடிக்க முடியாத தப்பு, கூப்பிட்டுச் சொல்லு என்று வேறு எழுதியிருக்கிறான்.

தட்டியதை அழித்துவிட்டுக் கூப்பிட்டான், இரண்டாவது மணியிலேயே நதீம் எடுத்துவிட்டான். “சொல்றா” என்றான், அதே குரல். தகட்டைப் பற்றித்தான் தொடங்க நினைத்தான், வாய் வேறொன்றைச் சொன்னது. “நதீமு... அம்மா மௌத்தான அன்னைக்கு நான் வந்தன்டா. அஞ்சு மணிக்கு வந்தன். இருப்பாங்கன்னு நெனச்சுட்டன்டா.” துண்டித்துவிட்டானோ என்று திரையைப் பார்த்தான், இல்லை, அழைப்பின் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்பது, பத்து, பதினொன்று... இதைச் சொல்ல இவ்வளவு நேரம்தானா ஆகும், இதற்கா நாலு வருஷம்?