பஜாருக்குப் பழகின பிள்ளை

எங்கள் மகள் எப்சிபாவுக்குக் காது கேட்காது. பிறவியிலேயே கேட்காது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றே கால் வருஷம் ஆனது. இத்தனைக்கும் நான் பள்ளிக்கூட வாத்தியார். என் மனைவி ஜெபராணி, பிள்ளை பிறக்கும்வரை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். யார் யாரையோ குற்றம் சொல்லலாம். நான் முதலில் என்னைச் சொல்லுவேன், அடுத்தபடியாக நாங்கள் குடியிருந்த தெருவைச் சொல்லுவேன்.

ஐம்பத்தேழாம் வருஷம் சிவகாசி பஜாரின் நட்டநடுவில் வீடு பிடித்தது நான்தான். கீழே கண்ணுச்சாமி என்பவரின் லித்தோ பிரஸ். மேலே பலகை மச்சு போட்ட இரண்டு அறை. பள்ளிக்கூடம் ஐந்து நிமிஷ நடை, பஸ் நிற்குமிடம் கூப்பிடு தூரம், காய்கறிக்கடை வாசலுக்கு எதிரே. டாக்டர், தபாலாபீஸ், சர்ச் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன என்று ஜெபராணியிடம் பெருமையடித்தேன். அவள் அச்சங்குளத்துக்காரி. வந்த அன்று ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினாள்.

"எல்லாம் கைக்கெட்டுற தூரந்தான். கைய நீட்டத்தான் எடமில்ல," என்றாள்.

ஜன்னலுக்கும் எதிர்வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு கைவண்டி போகும் அளவுக்குத்தான் இடம். அதில் நாள் முழுக்கக் கைவண்டி போகும். காகிதக் கட்டு வரும், தீப்பெட்டி லேபிள் போகும், காலண்டர் சீசனில் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். வண்டிக்காரர்களுக்கு பிரேக் கிடையாது, தொண்டைதான் உண்டு. "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டே வருவார்கள். தெருவில் நடக்கிறவர்கள் திரும்பிப் பார்க்கவே மாட்டார்கள், சத்தத்தை வைத்தே ஒதுங்கிக்கொள்வார்கள். காதால் நடக்கிற தெரு அது. எனக்கு அப்போது அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

காலை எட்டு மணிக்குக் கீழே மெஷின் ஓட ஆரம்பித்தால் மச்சுப் பலகை முழுக்க நடுங்கும். கொடியில் போட்ட துணி ஆடும், தம்ளரில் வைத்த தண்ணீர் வட்டம் போடும். ஜெபராணி கல்யாணத்துக்கு முன்னால் சர்ச் கொயரில் பாடினவள், சமைக்கும்போது பாடுகிற வழக்கம் உள்ளவள். பஜாருக்கு வந்த ஒரு மாசத்தில் அது நின்றுபோனது. ஏன் என்று கேட்டேன்.

"நான் பாடுறது எனக்கே கேக்கல. யாருக்குப் பாட?" என்றாள்.

நான் சிரித்தேன். ஊரோடு ஒத்து வாழ் என்று உபதேசமும் செய்தேன். உபதேசம் செய்ய வாத்தியாருக்குச் சொல்லியா கொடுக்கவேண்டும்.

இதெல்லாம் போக, சாம்பிள் என்று ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுக்கு நாலு கடை தள்ளி ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆபீஸ். தீபாவளிக்கு ஆறு மாசம் இருக்கும்போதே வடக்கேயிருந்து வியாபாரிகள் ஆர்டர் கொடுக்க வந்துவிடுவார்கள். பெட்டியைப் பார்த்தெல்லாம் யாரும் ஆர்டர் கொடுக்கமாட்டார்கள். வெடித்துக் காட்டவேண்டும். கடையை ஒட்டிய சின்னப் பொட்டலில், பதினோரு மணி வெயிலில், ஒவ்வொன்றாகக் கொளுத்துவார்கள். வெடித்ததும் வியாபாரி தலையை ஆட்டுவார், அடுத்ததைக் கொளுத்துவார்கள். தெருவில் ஒரு ஆள் திடுக்கிடமாட்டான். திடுக்கிட்டால் வெளியூர் என்று அர்த்தம். தராசில் கத்திரிக்காய் நிறுத்துக்கொண்டிருக்கிறவன் கைகூட ஆடாது. எனக்கும் ஆறு மாசத்தில் அந்தப் பக்குவம் வந்துவிட்டது. பெருமையாக இருந்தது.

எப்சி இந்த வீட்டில்தான் பிறந்தாள். மூன்று மாசக் குழந்தையாகத் தொட்டிலில் கிடந்தபோது சாம்பிள் வெடித்தது. சர வெடி. குழந்தை கண் சிமிட்டவில்லை, விரலைச் சூப்பிக்கொண்டு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று வாடகை விஷயமாக மேலே வந்திருந்த கண்ணுச்சாமி அசந்துபோய்விட்டார்.

"பாத்தீகளா வாத்தியாரய்யா, இதுதான் பஜாருக்குப் பழகின பிள்ள. எங்க வீட்ல எல்லாம் ஒரு வருசம் வீல் வீல்னு கத்துச்சுக," என்றார்.

அந்தப் பெயர் தெரு முழுக்கப் பரவியது. பஜார் பிள்ளை, பயமறியாப் பிள்ளை. கடைக்காரர்கள் அவளை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு சாம்பிள் வெடிக்கிற இடத்தில் நிற்பார்கள். வடக்கத்தி வியாபாரிகள் கன்னத்தைக் கிள்ளுவார்கள். நான் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன், சந்தோஷமாகத்தான் இருக்கும். இப்போது நினைத்தால் அந்த நேரத்து என்னை இழுத்து ஒரு அறை வைக்கலாம்போல இருக்கிறது.

ஜெபராணிக்கு இடையில் ஒரு சந்தேகம் வந்தது. ஒரு வயது தாண்டியும் பிள்ளை 'அம்மா' சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. ஆனால் அந்தத் தெருவில் கூப்பிட்டால் யார்தான் திரும்பினார்கள்? நானே மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்புவேன். அதைவிடப் பெரிய சாட்சி ஒன்று எங்களிடம் இருந்தது. கீழே மெஷின் ஓட ஆரம்பித்ததும் எப்சி சிரிப்பாள், இரண்டு உள்ளங்கையாலும் பலகையைத் தட்டுவாள். மெஷின் ஓடும்போதுதான் தூங்குவாள், நின்றால் எழுந்துவிடுவாள். கேட்காத பிள்ளையா சத்தத்துக்குச் சிரிக்கும்? ஜெபராணி சமாதானமானாள். நானும்தான் சமாதானம் சொன்னேன்.

ஐம்பத்தொன்பது மே மாசம் லீவுக்கு அச்சங்குளம் போனோம். ஜெபராணியின் அக்கா ஞானதீபம் அங்கே பள்ளிக்கூட டீச்சர், தனியாக இருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து மதினி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். எப்சி முற்றத்து வேப்பமர நிழலில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள். காற்றுகூட இல்லை. அப்படி ஓர் அமைதியில் உட்கார்ந்து எத்தனை நாளாகிறது என்று நினைத்தது ஞாபகமிருக்கிறது.

மதினி கையிலிருந்த பித்தளைக் குடம் நழுவிக் கல்லில் விழுந்தது. கோழிகள் சிதறின. தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து குரைத்தது. பஜாருக்குப் பழகின நானே துள்ளித் திரும்பினேன். எப்சி மட்டும் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள்.

ஜெபராணி எழுந்துபோய்க் குடத்தை எடுத்தாள். ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு பிள்ளையின் முதுகுக்குப் பின்னால், நிழல் முன்னால் விழாதபடி தள்ளி நின்றாள். ஆஸ்பத்திரியில் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள். குடத்தில் கரண்டியால் ஒரு தட்டு தட்டினாள், அப்புறம் இன்னொன்று. பிறகு நிறுத்தாமல் தட்டினாள். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளை பார்க்கவில்லை.

மதினிதான் போய்க் கரண்டியை வாங்கினார். "போதும்மா. விடு," என்றார்.

ஜெபராணி என்னிடம் வந்து, "நான் நர்ஸுங்க," என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மதுரையில் காது டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் ஒரு இரும்பு இசைக்கவையைத் தட்டிக் காதருகில் பிடித்தார். எப்சி அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி தட்டி அதன் காம்பை அவள் நெற்றியில் வைத்தார். உடனே சிரித்துவிட்டாள்.

நான் அவசரமாக, "கேக்குது பாருங்க டாக்டர். எங்க வீட்டுக்குக் கீழே பிரஸ் இருக்கு, மெஷின் ஓடுனாலும் இப்படித்தான் சிரிப்பா," என்றேன்.

"மாடியில பலகைத் தளமா?" என்று கேட்டார்.

"ஆமா."

"பலகை அதிருது. அது உடம்புல தெரியுது. காதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, சார். முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம். வந்தாலும் செய்யிறதுக்கு ஒண்ணுமில்ல, அத நெனச்சு மனச விட்டுறாதீங்க." ஐந்து வயதானதும் பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜெபராணி ஒன்றே ஒன்று சொன்னாள். "இந்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு இனி அந்தத் தெருவுல இருக்க முடியாதுங்க. பின்னால வர்ற வண்டி அவளுக்குத் தெரியாது."

சரி என்றேன். சொன்னேனே தவிர அசையவில்லை. பரீட்சை முடியட்டும், மழை விடட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஐந்து நிமிஷ நடையை விட எனக்கு மனசில்லை, அதுதான் உண்மை. மாடிப்படி வாசலில் ஒரு தட்டிக் கதவு போட்டுவிட்டு, அதோடு என் கடமை முடிந்தது என்று இருந்தேன்.

தட்டிக் கதவு ஐப்பசி வரைக்கும் தாங்கியது. தீபாவளி லோடு போகிற நேரம். நான் பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். எப்சி எப்படியோ கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கி, தெருவின் நடுவில் எனக்கு எதிராக நடந்து வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குப் பின்னால், காகித ரீம் மலையாக ஏற்றிய கைவண்டி இறக்கத்தில் வந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் நாகையா "ஓரம், ஓரம், ஏ பிள்ள" என்று அடிவயிற்றிலிருந்து கத்துகிறார். தெருவில் அத்தனை பேரும் ஒதுங்குகிறார்கள். ஒருவரும் பிள்ளையைத் தூக்கவில்லை. பஜார் பிள்ளை, அதற்கு ஒதுங்கத் தெரியும் என்று நினைத்திருப்பார்கள். நான் ஓடினேன், போய்ச் சேர்ந்திருக்கமாட்டேன்.

நாகையா வண்டியைச் சுவரில் மோதினார். வண்டியின் கைப்பிடி முறிந்து, ரீம்கள் சரிந்து, அவர் கால் அடியில் மாட்டிக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து வெளியே எடுத்தோம். பாதம் வீங்கிவிட்டது. என் தோளில் இருந்த எப்சியைப் பார்த்ததும் அவருக்கு ஆத்திரம் பொங்கியது.

"தொண்ட கிழியக் கத்துறேன், பிள்ள திரும்பிப் பாக்குதா பாருங்க. அம்புட்டுத் திமிரா வளத்திருக்கீக?"

"அதுக்குக் காது கேக்காது, அண்ணாச்சி," என்றேன். தெருவில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நாகையா என் முகத்தைப் பார்த்தார். கத்திரிக்காய்க் கடைக்காரன் தராசைக் கீழே வைத்தான். "மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க பாத்து ஓட்டியிருப்போம்ல," என்றார் நாகையா. அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குக் கோபமே பரவாயில்லை என்று இருந்தது.

அந்த வாரமே திருத்தங்கலைத் தாண்டி ஒரு வீட்டுக்குப் போனோம். பள்ளிக்கூடத்துக்கு முக்கால் மணி நேரம் சைக்கிள் மிதிக்கவேண்டும். ஓட்டு வீடு, மண் தரை, சுற்றிக் கருவேலங்காடு. சத்தம் என்று ஒன்று கிடையாது. வண்டி கிடையாது. இனி ஒன்றும் குறையில்லை என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

எப்சி தூங்கவில்லை. மத்தியானம் படுக்கப்போட்டால் எழுந்து உட்கார்ந்து தரையைத் தட்டுவாள். மண் தரை சும்மா கிடக்கும். மறுபடி தட்டிவிட்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள், பிறகு அழுவாள். நாலு நாளில் கண் குழி விழுந்துவிட்டது. ஜெபராணி மருந்து, எண்ணெய், சாம்பிராணி எல்லாம் செய்து பார்த்தாள்.

சனிக்கிழமை சாவி கொடுக்க பிரஸ்ஸுக்குப் போனபோது பிள்ளையையும் சைக்கிளில் கூட்டிப்போனேன். கண்ணுச்சாமி பேசிக்கொண்டே காலி வீட்டைப் பார்க்க மேலே வந்தார். கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இறக்கிவிட்டதும் எப்சி ஓடிப்போய், தொட்டில் கிடந்த இடத்தில் குப்புறப் படுத்தாள். கன்னத்தைப் பலகையோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். கண்ணுச்சாமி வெள்ளையடிக்கிற செலவைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. மற்ற பிள்ளைகளுக்குத் தாலாட்டு எப்படியோ, இவளுக்கு அந்தப் பலகை. அதைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறோம். கண்ணுச்சாமி கீழே போய், சாப்பாட்டு நேரமாகியும் மெஷினை நிறுத்தவேண்டாம் என்று ஆட்களிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஜெபராணியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பாயில் மல்லாந்து படுத்தாள். பிள்ளையை வாங்கித் தன் மார்பின்மேல் குப்புறப் போட்டுக்கொண்டாள். எப்சியின் கன்னம் அவள் கழுத்துக்குக் கீழே, எலும்பின்மேல் இருந்தது. பிறகு பாடினாள். இரண்டு வருஷமாகப் பாடாத குரல் முதலில் கரகரத்தது, அப்புறம் அடியில் போய் நின்றது. வேண்டுமென்றே தாழ்ந்த குரலில், நெஞ்சு அதிரும்படி பாடினாள்.

எப்சி தலையைத் தூக்கி அவள் வாயைப் பார்த்தாள். உள்ளங்கையைத் தொண்டைமேல் வைத்தாள். சிரித்துவிட்டு மறுபடி கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். அந்த வீட்டில் அந்தப் பாட்டின் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

பிள்ளை தூங்கிவிட்டது என்று நினைத்து ஜெபராணி நிறுத்தினாள். எப்சி கண்ணைத் திறந்து, அவள் நெஞ்சை இரண்டு கையாலும் தட்டினாள். ஜெபராணி முதலடியிலிருந்து தொடங்கினாள்.