பதினொன்றுக்கு மேல் கூடாது

ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் மாரிஸுக்கு அன்று வீட்டுப்பாடம், வீட்டு விஷயங்கள் இரண்டை, 'இதற்கு மேல் போகாது', 'இதற்குக் குறையாது' என்று சொல்லும் அசமன்பாடாக எழுதுவது. முதலாவதை யோசிக்காமலே எழுதிவிட்டாள். x ≤ 11, அப்பா ஒரு நாளில் லாரி ஓட்டும் மணி நேரம்.

லாரி ஓட்டுகிறவர் ஒரு நாளில் அதற்கு மேல் ஓட்டக்கூடாது என்பது சட்டம். எனக்கு அந்தப் பதினொன்றைக் கண்டாலே ஆகாது. என் கணவன் வெர்லின் வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. அயோவாவில் இறைச்சி ஏற்றிக்கொண்டு சால்ட் லேக் போகிறவன், அந்த வெள்ளிக்கிழமை எங்கள் ஊரான ஒகல்லாலாவில் தங்கிப் போவதாகச் சொல்லியிருந்தான். அவனுக்காக அடுப்பில் சில்லி என்ற இறைச்சிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

மாலை நாலு மணிக்கு போன் வந்தது.

"நார்த் பிளாட்லயே நிறுத்திட்டேன், ஜோலீன். லிங்கன் பக்கம் விபத்து, நெரிசல்ல ஒரு மணி நேரம் போச்சு. பதினொண்ணு முடிஞ்சிருச்சு."

"ஐம்பது மைல்தானே. ஓட்டிட்டு வா. யாரு பாக்கப் போறா?"

"வண்டியில நேரம் குறிக்கிற கருவி பாக்கும். லைசென்ஸ் போயிரும்."

"நான் வந்து கூட்டிட்டு வரேன்."

"சரக்க விட்டுட்டு எப்படி வர்றது?"

"அப்ப அதையே கட்டிக்கிட்டு அழு" என்று வைத்துவிட்டேன்.

வீட்டுக்குக் கூட்டிவரப் போவேனே தவிர, லாரி நிற்கும் இடத்தில் போய் அவனோடு இருப்பதில்லை என்பது கல்யாணமான புதிதில் நான் பிடித்த வீம்பு.

"இந்த எக்ஸ் அப்பாவுக்கு மட்டுந்தானேம்மா? நாம எவ்வளவு வேணா ஓட்டலாம்ல?" என்றாள் மாரிஸ்.

நான் சில்லியைக் கிளறினேன்.

"நீ வரலன்னா நான் சைக்கிள்லயா போக முடியும்?"

சில்லிப் பானையைத் துண்டில் சுற்றிக் காரில் வைத்தேன்.

நார்த் பிளாட்டில் வெர்லின் சவரம் செய்யாத முகத்தோடு லாரியிலிருந்து இறங்கி ஓடிவந்து மகளைத் தூக்கிக்கொண்டான். எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. இவனை இவ்வளவு தேடியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. லாரிக்குள்ளேயே மூவரும் சாப்பிட்டோம்.

"எப்பக் கிளம்பணும்?" என்றேன்.

"நாலு மணியிலிருந்து பத்து மணி நேரம் ஓய்வு எடுக்காம நகரக்கூடாது. ராத்திரி ரெண்டு மணிக்கு."

மாரிஸ் உடனே நோட்டை எடுத்து இரண்டாவதை எழுதினாள். x ≥ 10, அப்பா எங்களுக்காக லாரியை நிறுத்தி வைக்கும் மணி நேரம்.

வெர்லின் அதை வெகுநேரம் பார்த்தான். "இவ்வளவுக்கு மேல கூடாதுன்னு எதுவும் போடலையே, குட்டி?"

"இதுல அது கிடையாதுப்பா. பத்துக்குக் குறையக்கூடாது, அவ்வளவுதான். மேல எவ்வளவு வேணா இருக்கலாம்."

அவன் போனை எடுத்தான். இரண்டு மணிக்கு வைத்திருந்த அலாரத்தை இரண்டரைக்கு மாற்றினான்.