தானாக எழும்பும் கட்டில்

“காசைத் திருப்பித் தாங்கோ, அங்கிள்,” என்றாள் ஷெறோன்.

இந்த ஒரு வசனத்தை மட்டும் வாயில் எடுக்கக்கூடாது என்று சொல்லித்தான் அப்பா அவளை இந்தத் தளபாடக் கடைக்குக் கூட்டி வந்திருந்தார். காரில் ஏறும்போது சொன்னார். சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னார். லண்டனின் அப்பர் டூட்டிங் றோட்டில் கார் விட இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தபோதும் சொன்னார். “பழுதெண்டு சொல்லு. வடிவாத் திருத்தித் தரச் சொல்லு. காசெண்ட கதையை மட்டும் எடுத்துப்போடாதை பிள்ளை. எங்கட ஆள்.”

எங்கட ஆள். அந்த இரண்டு சொல்லும் அவர்கள் வீட்டுக்குள் எத்தனை பழுதைக் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன என்று ஷெறோனுக்குத் தெரியும். எங்கட ஆள் ஒட்டிய குளியலறை டைல்ஸ் குளிக்கிறவரின் காலோடு கழன்று வந்தது. எங்கட ஆள் எடுத்த, தேவாலயத்தில் அவள் முதல் நன்மை வாங்கிய வீடியோவில் அப்பாவுக்குத் தலையே இல்லை. வெள்ளைக்காரன் ஏமாற்றினால் அப்பா ஒரு கிழமைக்கு வீட்டுக்குள் நின்று திட்டுவார். எங்கட ஆள் ஏமாற்றினால் போய் அவனுடைய தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வருவார்.

தேத்தண்ணி வந்தது. கூடவே ஒரு தட்டில் ரோல்ஸ்.

“முதல்ல சாப்பிடுங்கோ,” என்றார் சவிரிமுத்து. அவள் சொன்னது காதில் விழாத மாதிரி, தட்டை அப்பாவின் பக்கம் தள்ளினார். ஆரோக்கியா பேர்னிச்சர்ஸ் அவருடைய கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் திருநாள் குழுத் தலைவர். இரண்டு வேலைக்கும் ஒரே சிரிப்பைத்தான் வைத்திருந்தார். “செபம், எடும் ஐசே. சூடா இருக்கு.”

அப்பா செபமாலைமுத்து ஒரு ரோலை எடுத்தார். இந்தக் கடையில் சண்டைக்கு வந்த யாரும் சண்டை பிடித்ததில்லை என்பதற்கு இந்தத் தட்டுத்தான் காரணம். ஒருவனுடைய ரோலைக் கடித்துக்கொண்டு அவனைக் கள்ளன் என்று சொல்ல எங்கள் சனத்துக்கு ஏலாது. இது சவிரிமுத்துவுக்கும் தெரியும். ரோல்ஸை எப்போதும் சூடாகவே வைத்திருப்பார்.

“அங்கிள், நான் சாப்பிட வரேல்லை. கட்டில் காசு.”

“கட்டிலுக்கு என்ன? மச்சான் வந்து திருத்தினவர்தானே.”

மச்சான் வந்தது உண்மை. சவிரிமுத்துவின் மனைவியின் தம்பி. ஒரு சுத்தியலோடு வந்தார்.

அம்மா மேரிறோஸுக்கு நாரியில், இடுப்புப் பக்க முள்ளந்தண்டில், ஒப்பரேசன் செய்திருந்தது. கொஞ்ச நேரம் நிமிர்ந்தும் கொஞ்ச நேரம் மட்டமாகவும் மாறி மாறிப் படுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்காக ஷெறோன் தன் சம்பளத்தில் சேர்த்ததை எடுத்து, பொத்தானை அமர்த்தினால் தலைப்பக்கம் உயரும் மோட்டார் கட்டில் ஒன்று வாங்கினாள். தவக்காலத்தில் வந்தது. பாஸ்கு, ஈஸ்டர் திருநாள், முடிந்து சில கிழமைகளில் தலைப்பக்கம் உயர்ந்தது, உயர்ந்தபடியே நின்றுவிட்டது. சுத்தியல் மச்சான் வந்து அடித்து இறக்கிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தக் கட்டில் யாருடைய சொல்லும் கேட்பதில்லை. அம்மா படுத்திருக்கும்போது தானாக எழும்பும். ஒருநாள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவளை அருள்நிறைந்த மரியேயின் நடுவில் முன்னால் தள்ளிவிட்டது. அன்றிலிருந்து அம்மா வரவேற்பறைக் கதிரையில், வழியனுப்ப வந்து பஸ் ஸ்ராண்டில் தூங்கிப்போன ஆளைப்போல, தலை சரிந்து தூங்குகிறாள். தூங்குகிறாள் என்று அப்பா சொல்கிறார். அவள் தூங்குவதில்லை என்பது மாடியில் படுத்திருக்கும் ஷெறோனுக்குக் கேட்கும்.

“திருந்தேல்லை,” என்றாள். “உங்களுக்கு ஒருக்காத் திருத்திப் பாக்கச் சந்தர்ப்பம் தந்தாச்சு. சட்டத்தில அந்த ஒரு தரம்தான். இனிக் கட்டிலை நீங்கள் எடுக்கோணும், காசை நான் எடுக்கோணும்.”

“சட்டமோ.” சவிரிமுத்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். “செபம், பிள்ளை என்ன, சட்டமே படிச்சது?”

“இல்லை அண்ணை, அது வந்து…” அப்பாவின் வாயில் ரோல்.

“கெமிஸ்ட்ரி,” என்றாள் ஷெறோன். “ஆனா வேலை செய்யிறது காஸ் கொம்பனியில, முறைப்பாட்டுப் பகுதியில. நாள் முழுக்க உங்களை மாதிரிக் கதைக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம் தாறாங்கள்.”

அது பொய்யில்லை. ‘உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது’ என்று அவள் ஆங்கிலத்தில் சொல்வதைத்தான் சவிரிமுத்து ‘அடுத்த கிழமை பார்ப்பம்’ என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். பரம்பரையிலேயே முதலாவதாகப் பட்டம் எடுத்த பெண், ஹீற்றர் வேலை செய்யாமல் குளிரில் கிடக்கிற கிழவிகளிடம் இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிப் பிழைக்கிறாள். அதை அவள் பெருமையாக நினைத்ததில்லை. ஆனால் இழுத்தடிப்பவன் எந்த இடத்தில் மூச்சு வாங்குவான் என்று அங்கேதான் கற்றுக்கொண்டாள்.

சவிரிமுத்து சுவரைக் காட்டினார். மாதா படத்துக்குக் கீழே ஒரு மட்டை தொங்கியது. விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திருப்பி எடுக்கப்படமாட்டாது.

“அது உங்கட ஆசை,” என்றாள். “சட்டம் இல்லை. உதைப் பாத்தா, கடையளைச் சோதிக்கிற கவுன்சில் ட்றேடிங் ஸ்ராண்டட்ஸ் ஆக்கள் முதல்ல உதைத்தான் கழட்டச் சொல்லுவினம். பாவம், அந்தப் பொய்யை மாதாவுக்குக் கீழ கொழுவி வச்சிருக்கிறியள்.”

“ஷெறோன்,” என்றார் அப்பா.

“நில்லும் செபம், பிள்ளை கதைக்கட்டும். படிச்ச பிள்ளை.” சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் சுருங்கியது. “சரி தங்கச்சி. சட்டம் எண்டா சட்டப்படி போவம். பில்லைக் காட்டும்.”

இந்த இடத்துக்கு வரத்தான் அவர் இவ்வளவு நேரமும் காத்துக்கொண்டிருந்தார். பில் இல்லை. கட்டில் வாங்கிய நாளில், “பில் எண்டா வற் வரி சேரும், காசாத் தந்தா உங்களுக்கெண்டு குறைச்சு விடுறன்,” என்றவர் அவர். பில் கேட்க வாயைத் திறந்த ஷெறோனின் முழங்கையை மெல்ல நுள்ளியவர் அப்பா. எங்கட ஆளிடம் பில் கேட்பது, அவனுடைய தாயைப் பற்றித் தப்பாகக் கேட்பதைப் போல.

“நீங்கள் தரேல்லை.”

“அப்ப நான் வித்ததெண்டு ஆர் சொன்னது?” அவர் கைகளை விரித்தார், பூசையில் பங்குச் சுவாமி விரிப்பதைப் போல. “மேரிறோஸ் அக்கா ஒப்பரேசன் செய்து கஷ்டப்படுறா எண்டு கேள்விப்பட்டன். கடையில கிடந்த ஒரு கட்டிலை உதவியா அனுப்பினன். நீங்கள் விரும்பித் திருநாளுக்கு ஏதோ காணிக்கை தந்தியள். அப்பிடித்தானே செபம்?”

அப்பா ரோலை மெல்லுவதை நிறுத்தினார். விழுங்கவுமில்லை. இப்படி ஒரு பொய்யை நேருக்கு நேர் கேட்டபோதும் அந்த மனிதருடைய முகத்தில் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. பொய் சொன்னவருக்காக அவர் வெட்கப்பட்டார். ஷெறோனுக்கு அதுதான் தாங்க முடியாமலிருந்தது.

அவள் போனை எடுத்து ஒரு வீடியோவை ஓடவிட்டு, மேசையில், ரோல்ஸ் தட்டில் சாய்த்து வைத்தாள்.

பாஸ்கு முடிந்த கையோடு, கட்டில் பழுதாக முதல், பங்கின் ஒன்றுகூடல் நடந்தது. நம்முடைய மண்டபங்களில் பணம் கொடுத்தவருக்குப் பொன்னாடை போர்த்தாமல் ஒரு நிகழ்ச்சியும் முடியாது. பொன்னாடை வாங்கியவர் மைக்கைப் பிடிக்காமல் மேடையை விட்டு இறங்கவும் மாட்டார். மன்னாரில் இருக்கிற சொந்தங்களும் பார்க்கட்டும் என்று முழுவதும் நேரலையில் போனது, இன்றைக்கும் பங்கின் பக்கத்தில் கிடக்கிறது. திரையில் சவிரிமுத்து பச்சைப் பொன்னாடையோடு நின்றார்.

“…எங்கட செபமாலைமுத்துவின்ர மகள் ஷெறோன், படிச்ச பிள்ளை, அம்மாவின்ர நாரி ஒப்பரேசனுக்குப் பிறகு எங்க கட்டில் வாங்கினவ? எங்கட ஆரோக்கியாவில. அறுநூறு பவுணுக்கு லண்டனில ஆரும் தரமாட்டினம். மோட்டாருக்கு ஐஞ்சு வருஷம் நான் பொறுப்பு. பழுதெண்டா என்ர வீட்டுக் கதவைத் தட்டுங்கோ…”

சனம் கை தட்டியது. திரையின் ஓரத்தில் அம்மா தெரிந்தாள். தன்னுடைய நாரியை மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்த அந்த நேரத்தில் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்திருந்தாள். அன்றிரவு வீட்டில், “அந்தாள் என்னைக் காட்டிக் கட்டில் விக்குது,” என்று மட்டும் சொன்னாள்.

“ஆர் வாங்கினது, ஆரிட்ட வாங்கினது, என்ன விலை, என்ன உத்தரவாதம், எல்லாம் நீங்களே மைக்கில சொல்லியிருக்கிறியள்,” என்றாள் ஷெறோன். “பில்லில இவ்வளவும் இருந்திருக்காது. கோட்டில வழக்குப் போடப் பில்தான் வேணும் எண்டில்லை அங்கிள், வாங்கினதுக்கு ஆதாரம் இருந்தாச் சரி. அந்தக் காசை நான் அண்டைக்குப் பாங்கில எடுத்த கணக்கும் என்னட்ட இருக்கு. பில் ஏன் தரேல்லை எண்டது உங்கட கரைச்சல். அதை வரிக்காரங்கள் என்னட்டக் கேக்க மாட்டாங்கள், உங்களிட்டத்தான் கேப்பாங்கள்.”

சவிரிமுத்து போனைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். தன்னுடைய குரலைத் தானே நிறுத்த முடியாத ஒரு மனிதரை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது ஷெறோனுக்கு இனித்தது. அதை மறைக்கவும் இல்லை.

அவர் அவளை விட்டுவிட்டு அப்பாவின் பக்கம் கதிரையைத் திருப்பினார். விற்கத் தெரிந்தவர், எந்தப் பக்கம் மெத்தை மாதிரி அமுங்கும் என்று அவருக்குத் தெரியும்.

“செபம். இந்த முறை மாதா கூட்டுக்கு முன்வரிசையில உம்மைத்தான் போட்டிருக்கு. தெரியும்தானே.”

அப்பாவுக்குத் தெரியும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். திருநாள் பவனியில் மாதாவின் சிலை வைத்த சுரூபக் கூட்டை அவர் வருஷக்கணக்காகப் பின்வரிசையில் நின்று சுமந்தார், முன்னால் போகிறவர்களின் பிடரியைப் பார்த்தபடி. இந்த வருஷம் முன்வரிசை. புது வெள்ளைச் சேர்ட் வாங்கிப் பிரிக்காமல் அலுமாரியில் வைத்திருக்கிறார். வரிசையைத் தீர்மானிக்கிறவர் திருநாள் குழுத் தலைவர்.

“குழுவில சிலபேர் கதைக்கினம், கோடு கச்சேரி எண்டு திரியிற குடும்பம் மாதாவுக்கு முன்னால நிண்டா நல்லாயிருக்காது எண்டு. நான்தான் உமக்காகக் கதைச்சு வச்சிருக்கிறன்.” பெருமூச்சு விட்டார். “இப்ப என்ன, கட்டிலை நான் எடுக்கிறன். பதிலுக்கு அந்த மூலையில நிக்கிற சோபாவைக் கொண்டுபோங்கோ. எங்களுக்குள்ள முடிப்பம். காசெண்ட கதை வேண்டாம்.”

மூலையில் நின்ற சோபா ஊதா நிறம். கைப்பிடியில் தங்கப் பூ. அதில் மட்டமாகப் படுக்க ஒரு பூனைக்கும் ஏலாது.

அப்பா ஷெறோனைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பழக்கம். கவுன்சிலில், ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில், தன் ஆங்கிலம் முடிந்த இடத்திலெல்லாம் அவர் அவளை அப்படித்தான் பார்ப்பார், நீ கதை பிள்ளை என்று. இன்றைக்கு அதே பார்வையால் கதைக்காதே என்று கேட்டார். தமிழில் நடக்கிற ஒரு அநியாயத்துக்கு அவளிடமிருந்து அவர் எதிர்பார்த்தது மௌனம் மட்டும்தான்.

“சோபா நல்ல சாமான், பிள்ளை,” என்றார் மெதுவாக. “அம்மாவுக்கும் இருந்து எழும்ப…”

“அம்மா குந்தி இருந்துகொண்டுதானே அப்பா இருக்கிறா. அவவுக்குப் படுக்கோணும்.”

அப்பா ரோலைக் கைக்குள் திருப்பினார்.

“மாதாவை முன்னால நிண்டு தூக்குங்கோ, பின்னால நிண்டு தூக்குங்கோ,” என்றாள். “வீட்டில ஒரு மனுசி கதிரையில கிடக்கிறா. அவவைத் தூக்கிப் படுக்க வைக்க உங்கட குழுவில ஒரு வரிசையும் இல்லை.”

அவள் போனை எடுத்தாள். குரலை இறக்கி, வேலையில் கதைக்கும் அந்த மரியாதையான குரலுக்கு மாறினாள். அதில் கோபம் கொஞ்சமும் இருக்காது. அதனால்தான் அது பயமாக இருக்கும்.

“காலமை உங்கட கடை ஈமெயிலுக்கு ஒண்டு அனுப்பியிருக்கிறன், அங்கிள். இரண்டு கிழமை தந்திருக்கிறன். காசு வந்து, கட்டில் உங்கட டெலிவரி வானில ஏறினாச் சரி. இல்லாட்டி கவுண்டி கோட். சின்ன வழக்கு, லோயர் தேவையில்லை, வீட்டில இருந்தே ஒன்லைனில போடலாம். தீர்ப்பு வந்தும் கட்டாட்டி உங்கட பேர் கடன் கட்டாதவையின்ர பதிவில ஏறும். எட்மண்டனில இரண்டாவது கடை எடுக்கப்போறியள் எண்டு கேள்வி. கடையை வாடகைக்குக் குடுக்கிறவனும் பாங்கும் முதல்ல அந்தப் பதிவைத்தான் பாப்பினம்.”

சவிரிமுத்துவின் சிரிப்பு கடைசியில் இறங்கியது. அது இல்லாத முகம் வெறும் கல்லாப்பெட்டி மாதிரி இருந்தது.

“காலமையே அனுப்பிப்போட்டோ வந்தனீர்?” என்றார். “அப்ப இவ்வளவு நேரமும் என்னத்துக்குக் கதைச்சது?”

“உங்கட வாயால வாறதை அப்பாவும் காதால கேக்கட்டும் எண்டு.”

அன்று காலை வீட்டில் அவள் சப்பாத்து மாட்டும்போது, அம்மா கதிரையிலிருந்து கண்ணைத் திறக்காமலே சொல்லியிருந்தாள், “சோபா தந்தா வாங்கிக்கொண்டு வராதை.” அம்மாவுக்கும் எங்கட ஆளைத் தெரியும்.

“இன்னொரு கிழமை பாப்பமே பிள்ளை,” என்றார் அப்பா. பாதி ரோல் இன்னும் கையில் இருந்தது.

ஷெறோன் பையைத் தோளில் போட்டாள். கட்டில்களுக்கும் அலுமாரிகளுக்கும் நடுவே நடந்தாள். பிளாஸ்டிக் உறை கழற்றாத மெத்தைகள், ஐந்து வருஷ உத்தரவாதம் என்று ஒட்டிய சின்னச் சின்ன மட்டைகள். பின்னால் தட்டு அசையும் சத்தம் கேட்டது. அப்பா ரோலைத் திரும்ப வைத்தாரோ, இன்னொன்றை எடுத்தாரோ, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு றோட்டில் இறங்கி, கார் நின்ற பக்கம் போகாமல், பஸ் வரும் பக்கமாக நடந்தாள்.