ஒனேசிம் ரொமானின் கைக்குட்டை

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்தில் தொடங்கியது என்று இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன். நியூ ஆர்லியன்ஸில் நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையில், கண்ணாடிக்கு மேலே அது மாட்டியிருக்கிறது. கறுப்புக் கோட்டு போட்ட ஆறு பேர், கையில் வாத்தியங்கள். நடுவில் இருப்பவரிடம் கார்னெட். (குட்டையான டிரம்பெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.) அவருடைய வலது கை விரல்களின் மேல் ஒரு வெள்ளைக் கைக்குட்டை போர்த்தியிருக்கிறது.

அந்தக் காலத்துக் கார்னெட்காரர்கள் சிலருக்கு அப்படி ஒரு பழக்கம். எந்தக் கட்டையை எப்போது அழுத்துகிறோம் என்பதைப் பார்த்து எதிராளி வாசிப்பைத் திருடிவிடுவானாம். நடன மண்டபத்தில் மூடிக்கொண்டால் சரி, புகைப்படத்தில் எதற்கு மூட வேண்டும்? அதைப் பார்த்து எவனால் என்ன திருட முடியும்? இந்த ஊரில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் போகவில்லை.

2

முதல் தொடக்கம்: 'அது 1914ஆம் ஆண்டு. நகரமே இசையில் மிதந்துகொண்டிருந்த' — அடித்துவிட்டேன். இந்த ஊர் மிதப்பது வெள்ளத்தில் மட்டும்தான்.

இரண்டாவது: 'ஜாஸ் இசையின் முன்னோடிகளில் ஒருவரான ஒனேசிம் ரொமான்' — இதுவும் தேறாது. ஜாஸ் என்ற சொல் அன்றைக்கு அவர் காதில் விழுந்தே இருக்காது. அவரைக் கேட்டால் டான்ஸுக்கு ஊதுகிறேன் என்றிருப்பார்.

மூன்றாவது நிற்கட்டும்:

மேல்வரிசை முன்பல் இரண்டும் விழுந்தபோது ஒனேசிமுக்கு வயது நாற்பத்தொன்று. ஈறு கெட்டுப்போய் இரண்டு வருடமாக ஆடிக்கொண்டிருந்த பற்கள். கார்னெட்டை உதட்டில் வைத்து அழுத்த, உதட்டுக்குப் பின்னால் பல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றுதான் வரும். கிளெமான்ஸ் அன்றிலிருந்து ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளி எடுத்துவிட்டு, சிவப்பு பீன்ஸை மசித்துத் தட்டில் வைத்தாள். காரணம் கேட்கிற மனைவி இல்லை அவள்.

அவர் சுவர் பூசும் கொத்தனார். சனி, ஞாயிறு மட்டும் ஒனேசிம் ரொமான் குழுவின் தலைவர். அவருடைய குழு வராத கல்யாணத்தை டவுன்டவுன் பக்கம் அரைக் கல்யாணம் என்பார்கள். பல் போனது வெளியே தெரிந்தால் ஏழு நாளும் கொத்தனார்தான். அவருக்கு அதைவிடச் சாவு மேல் என்று பட்டது.

(மூன்று வரைவுகளில் 'அவன்' என்றுதான் எழுதினேன். ஒரு குழுத் தலைவரை அப்படி எழுதக் கை கூசியது. இனி அவர் செய்யப்போவதைப் பார்த்துவிட்டு நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.)

3

வழி வீட்டுக்குள்ளேயே இருந்தது. கிளெமான்ஸின் அண்ணன் தியோஜன். அவரும் கொத்தனார், அவரும் கார்னெட்காரர். ஆனால் நாலு பேர் பார்த்தால் காது சிவந்துவிடும் ஆள்.

ஏற்பாடு எளிது. தியோஜன் இரண்டாம் கார்னெட் என்ற பெயரில் பின்வரிசையில் உட்கார்ந்து ஊதுவார். ஒனேசிம் முன்னால் நின்று கன்னத்தை உப்பிக்கொண்டு, காலால் தாளம் போட்டுக்கொண்டு, கைக்குட்டைக்கு அடியில் விரலை ஆட்டுவார். விரல் பொருந்தாவிட்டாலும் தெரியாது. பல் போன இடத்தைத் தொங்கு மீசை மறைத்தது. மற்ற நான்கு பேருக்கும் விஷயம் தெரியும். வெளியே சொன்னால் அவர்கள் அடுப்பும் எரியாது, வாயை மூடிக்கொண்டார்கள்.

நம்பும்படி இருக்கிறதா? எனக்கும் இங்கேதான் உதைக்கிறது. இரண்டு வருடம் ஒரு ஊரையே ஏமாற்ற முடியுமா? ஆனால் ஆட வந்தவன் துணையின் இடுப்பைப் பார்ப்பானா, கார்னெட் எங்கிருந்து கேட்கிறது என்று பார்ப்பானா?*

ஊர் பேசியது. வயது ஏற ஏற ஒனேசிமுக்கு மெருகு கூடுகிறது என்றது. தியோஜன் புதிதாகச் சில வளைவுகள் போட ஆரம்பித்திருந்தார். ஒரு சுரத்தைப் பிடித்து, விடுவதுபோல் போக்குக் காட்டி, விடாமல் இழுப்பார். ஊர் அதற்கு 'ஒனேசிம் இழுவை' என்று பெயர் வைத்து விசிலடித்துக்கொண்டு திரிந்தது. மெல்ல மெல்ல ஒனேசிமே அதை நம்பத் தொடங்கியதுதான் எனக்குப் பிடித்த இடம். பாராட்டியவர்களிடம் அந்த இழுவை தமக்கு எப்படித் தோன்றியது என்று கதைகூடச் சொன்னார்.

* நான் ஆடத் தெரியாதவன். ஓரமாக நின்று பார்ப்பவன். ஆகவே இந்த வாதத்தைச் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளவும்.

4

வியாழக்கிழமை, சாரத்தின் மேல், இருவர் கையிலும் கரணை. தியோஜன் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"மாப்ள, ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லேன்."

"எங்க சொல்லணும்?"

"ஞாயித்துக்கிழமை வண்டியில ஊதிக்கிட்டுப் போறப்ப. இந்த இழுவை மச்சானோடதுன்னு. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு. முன்னாடி நீயே நில்லு."

ஒனேசிம் சிரித்தார். "உன் பேரைச் சொன்னா நீயே வண்டியை விட்டுக் குதிச்சு ஓடிருவ மச்சான்."

தியோஜன் அதற்குச் சிரிக்கவில்லை. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்று மட்டும் சொன்னார். ஒனேசிம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூச்சக்காரன் கோபம் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டார்.

[இங்கே கிளெமான்ஸ் அண்ணனுக்கும் கணவனுக்கும் நடுவில் கிடந்து தவிக்கும் ஒரு பக்கம் இருந்தது. நன்றாகவும் இருந்தது. அவள் கதையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று பயந்து நீக்கிவிட்டேன்.]

5

ஞாயிறு மதியம் குழுக்கள் மரச்சாமான் வண்டிகளில் ஏறி, அன்றைய நடனத்துக்கு ஆள் சேர்க்கத் தெருத்தெருவாக வாசித்துக்கொண்டு போகும். இரண்டு வண்டிகள் ஒரே முனையில் சந்தித்துவிட்டால் விடமாட்டார்கள். சக்கரத்தோடு சக்கரம் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ஒரு பக்கம் தோற்கும்வரை யாரும் நகர முடியாது.

தியோஜன் வரவில்லை. ஒனேசிம் தம் ஆட்களிடம் ஒரு பொய் சொன்னார்: மச்சான் கிளேபோர்ன் முனையில் ஏறிக்கொள்வார். அதுவரை கார்னெட் இல்லாமல் ஓட்டுவோம்.

கிளேபோர்ன் முனையில் இன்னொரு குழுத் தலைவர் ஹார்வி டாக்கெட்டின் வண்டி எதிரே வந்தது. ஒனேசிமின் தாளக்காரர் யூலிஸ் எப்போதும் செய்வதைச் செய்தார். ஜெயிக்கிற குழு அல்லவா, கேட்டுக்கொண்டா கட்டுவார்கள்? குதித்து இறங்கிக் கயிற்றை எடுத்து, இரண்டு சக்கரங்களையும் இறுக்கி முடிச்சுப் போட்டார். தியோஜன்தான் இங்கே ஏறப்போகிறாரே. நிமிர்ந்தபோதுதான் பார்த்தார், தியோஜன் எதிர்வண்டியில் உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில்.

டாக்கெட் குழு முதலில் வாசித்தது. தியோஜன் எழுந்தார். காது சிவந்துதான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். ஒரு சுரத்தைப் பிடித்தார், விடுவதுபோல் போக்குக் காட்டினார், இழுத்தார்.

ஒனேசிம் நினைத்தார்: முடிந்தது. இருநூறு பேர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், நாளைக்குச் சாரத்தில் ஏறுவேன்.

திரும்பிப் பார்த்தார்கள். சிரிக்கவில்லை. கூட்டத்தில் ஒரு பெண்தான் முதலில் கத்தினாள்.

"அடப்பாவி, இது நம்ம ஒனேசிமோட வாசிப்புடா!"

"பின்னாடி உக்காந்து பாத்துப் பாத்தே திருடியிருக்கான் பாரு. அதான் அந்த மனுசன் கையை மூடிக்கிட்டே வாசிச்சாரு," என்றார் ஒரு கறிக்கடைக்காரர். அவர் ஏற்கெனவே டாக்கெட் வண்டியின் பலகையைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தார்.

யாரோ எறிந்த ஓட்டுத்துண்டு தியோஜனின் தோளில் பட்டது. அவர் வாசிப்பதை நிறுத்தினார். ஒனேசிமை மட்டும் பார்த்தார். கறிக்கடைக்காரர் தியோஜன் கையிலிருந்த கார்னெட்டைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினார்.

"ஒனேசிம், நீ சொல்லுப்பா. இது உன் வாசிப்புதானே?"

தெரு அடங்கியது. ஒனேசிம் வாயைத் திறந்தார்.

6

முடிவு அ: 'இல்லை' என்கிறார். எழுதிப் பார்த்தேன். மிக நல்லவராகிவிட்டார், எனக்கே அலுத்தது.

முடிவு ஆ: 'ஆமாம்' என்கிறார். இன்னும் பதினோரு வருடம் தலைவராக இருக்கிறார், கையில் கார்னெட்டுக்குப் பதில் குழுவை நடத்தும் குச்சியோடு. கிளெமான்ஸ் பீன்ஸை மசிப்பதை நிறுத்திவிடுகிறாள். இதையும் எழுதிப் பார்த்தேன். நான் அவரைத் தண்டித்துக்கொண்டிருந்தேன். அந்த உரிமை எனக்கு ஏது என்று —

இல்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை புகைப்படத்தில் தொடங்கவில்லை. புகைப்படத்தை நான் இருபத்தாறு வருடம் பார்த்திருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. அது என் முடியை வெட்டுபவர் வாயிலிருந்து வந்தது. கத்தரியை நிறுத்தாமலே அவர் சொன்னார்: "அவரு வாசிப்பை மறைக்கலைங்க. வாசிக்கலைங்கிறதைத்தான் மறைச்சாரு." பிறகு மச்சான், கயிறு, கூட்டம் தப்பான ஆளைத் திருடன் என்றது எல்லாம் அடுத்த முக்கால் மணி நேரத்தில் அவராகவே கட்டிச் சொன்னது. பல்லும் பீன்ஸும் மட்டும் என்னுடையவை. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க, என் பேரையும் ஒரு ஓரமாப் போடுங்க," என்றார். நான் சிரித்துவைத்துவிட்டு வந்தேன்.

போன வாரம் இதன் முதல் ஐந்து பகுதிகளை நண்பர்களுக்குப் படித்துக் காட்டினேன். அந்தக் கூட்டம் திரும்பும் இடம் எப்படி ஐயா தோன்றியது என்று ஒருவர் கேட்டார். அது எனக்கு எப்படித் தோன்றியது என்று நான் ஒரு கதை சொன்னேன்.

என் முடியை வெட்டுபவரின் பெயர் ஒடில் பர்வா. இந்த ஒரு வரியை எழுத எனக்கு எட்டு நாள் ஆயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் கேட்காதபோது, நிதானமாக எழுதினேன். வெட்கமாக இருக்கிறது. ஒனேசிமுக்குக் கிடைத்தது ஒரு மூச்சு விடும் நேரம், சுற்றிலும் அவர் பெயரைக் கத்தும் இருநூறு பேர்.

அவர் வாய் இன்னும் திறந்திருக்கிறது, தியோஜன் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஒனேசிம் என்ன சொன்னார் என்று எழுத நான் தகுந்த ஆள் இல்லை. நீங்கள் எழுதுங்கள். எழுதும்முன் உங்களை யாராவது எதற்காகவாவது பாராட்டிய ஒரு நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.