இடப்பக்கம்

வள்ளியூர் தாண்டியதும் மழை நின்றது. விக்னேஸ்வரன் வைப்பரை நிறுத்த மறந்திருந்தான். காயத் தொடங்கிய கண்ணாடியில் அது கீச்சிட்டுக்கொண்டு போய்வந்தது. நிவேதா கையை நீட்டி நிறுத்தியிருக்கலாம். அவள் இடப்பக்கச் சாலையோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காரைக்குடியில் முற்பகலில் வண்டியை எடுத்ததிலிருந்து அதைத்தான் செய்கிறாள். மாடு, சைக்கிள், பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள், குறுக்குச் சாலையில் மூக்கை நீட்டும் டிராக்டர். எதுவாக இருந்தாலும் கணவனுக்கு முன்னால் அவள் பார்த்துவிட வேண்டும். கழுத்து வலித்தது.

"தூங்கேன். கெளம்புனதுலருந்து சாமி செல மாதிரி உக்காந்துருக்க" என்றான் அவன்.

"தூக்கம் வரலைங்க."

"கல்யாண வீட்டுத் தூணுல சாஞ்சா மட்டும் வரும்."

அவள் சிரித்தாள். சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பான். முன்னதாகக் கயத்தாறு அருகே பால் கேன் கட்டிய ஒரு மொபெட் இடப்பக்கச் சந்திலிருந்து வந்தது. அவள் "ஏங்க!" என்று கத்திய பிறகுதான் பிரேக் விழுந்தது. மொபெட்காரர் திட்டிவிட்டுப் போனார். "பாத்தேன், பாத்தேன். எதுக்கு இந்தக் கத்து கத்துற" என்றான். அவன் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்று அவனிடம் சொல்லவில்லை.

காரைக்குடியில் கல்லுக்கட்டிக்கு அருகில் இருவரும் போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறார்கள். அவனுடைய அப்பா பொற்கொல்லர். மகன் ஊதுகுழலை விட்டுவிட்டுக் கேமராவை எடுத்தபோது அவர், எதுவானாலும் கண்ணை வைத்துச் செய்கிற வேலைதானே என்று மட்டும் கேட்டாராம். கல்யாணமான புதிதிலிருந்து அவன் ஒரு கடல் பயணத்தைப் பற்றிப் பேசிவந்தான். ஐப்பசி மழைக்கு நடுவில், மேகம் பிளந்து வெயில் விழும் நேரத்தில், பாறைக் கடலைப் படம் எடுக்க வேண்டும். ஆள் இல்லாத படம். "ஒரு படத்துலயாச்சும் யாரும் சிரிக்காம இருக்கட்டும்" என்பான். ஒவ்வோர் ஐப்பசியிலும் ஏதாவது வீட்டில் கல்யாணம் இருக்கும், இல்லையென்றால் அறுபதாம் கல்யாணம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பான். இந்த வருஷம் அப்படிச் சொல்லவில்லை. வந்திருந்த ஒரு வேலையை வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டு, "வெள்ளிக்கிழம முட்டம் போறோம்" என்றான். அன்றிலிருந்து அவள் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏன் இந்த வருஷம்?

முதலில் சின்னச் சின்னதாகத்தான் இருந்தது. நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொண்டான். மேசையில் இருந்த டீ டம்ளரைத் தட்டிவிட்டான். ஒரு விருந்தில் இலையின் இடது ஓரத்தில் வைத்த கந்தரப்பத்தைத் தொடாமலே எழுந்தான். அவனுக்கு உயிர் அது. பிறகு ஒருநாள் காலையில், பல் துலக்கிவிட்டு வந்தவன் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தலையை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். மறுநாளும் அப்படியே நின்றான். அவள் அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டு, பாத்திரத்தைச் சத்தமாக உருட்டினாள். அவன் கையை எடுத்துவிட்டுச் சட்டை தேடினான்.

கேமராவுக்கு ஒரு கண் போதும். அவனுக்கு எப்போதுமே வலது கண்தான். அதனால்தான் இவ்வளவு நாள் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் செட்டிநாட்டுக் கல்யாணத்தில் படம் எடுப்பதற்கு அது போதாது. தாலியான திருவை மாப்பிள்ளை பெண்ணுக்குப் பூட்டும் நேரம் வந்தால் சுற்றிலும் ஆட்கள் மொய்த்துவிடுவார்கள். எதிரில் நிற்பவனுக்கு முதுகுகள்தான் தெரியும். இன்னொரு தரம் செய்யுங்கள் என்று கேட்க முடியாத சடங்கு. அதனால் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. அவன் எதிரில் நிற்பான். அவள் பக்கவாட்டில், எல்லாம் தெரியும் இடத்தில் நிற்பாள். மாப்பிள்ளை திருவைக் கையில் எடுத்ததும் அவள் கையைத் தூக்குவாள். அவன் கேமராவை உயர்த்திப் பிடித்து அமுக்குவான். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

ஆவணியில் நெற்குப்பை ஊர்க் கல்யாணம் ஒன்றில் தப்பியது. அவள் அவனுக்கு இடப்பக்கம் நின்று கையைத் தூக்கினாள். ஆட்டினாள். மாப்பிள்ளை பூட்டி முடித்துவிட்டான். அவன் கேமராவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவளைத் தேடிக்கொண்டிருந்தான். பதறிப் பின்னால் நகர்ந்தபோது நிறைகுடத்தை இடித்தான். யாரோ ஒரு பெண் குனிந்து பிடித்திராவிட்டால் குடம் சாய்ந்திருக்கும். ஆல்பத்தில் நிவேதா எடுத்த படத்தை வைத்துச் சமாளித்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்யாணத்திலும் அவள் அவனுடைய வலப்பக்கம் போய் நின்றாள். ஏன் மாறினாய் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அப்படியே பழகிவிட்டது. கடைத்தெருவில் நடக்கும்போதுகூட வலப்பக்கம்தான்.

காரில் மட்டும் அவள் இடப்பக்கம். அதற்கு வேறு வழியில்லை.

நாகர்கோவில் வருவதற்குள் நிவேதாவின் போன் அடித்தது. பள்ளத்தூர் சிட்டாள் ஆச்சி. மகள் தீக்ஷாவுக்குத் தையில் கல்யாணம்.

"என்னாத்தா, விக்கி போனை எடுக்க மாட்டேங்கிறானே. எங்குட்டு இருக்கீக?"

"முட்டம் போய்க்கிட்டு இருக்கோம் ஆச்சி. கடலைப் படம் எடுக்க."

"கடலையா? அங்க யாரு யாருக்கு மாலை மாத்துறாக?"

ஸ்பீக்கரில் கேட்டு அவன் சிரித்தான்.

"இங்க பாரு, நூறு போட்டோக்காரன் இருக்கான். திருப்பூட்டுக்கு எனக்கு விக்கிதான் நிக்கணும். என் கல்யாணத்துல அந்தப் படம் வெளங்காமப் போச்சு, வெறும் முதுகா இருக்கும். எம் மகளுக்கு அப்படி ஆகக் கூடாது. அவன் கண்ணு மாதிரி வராதுத்தா. வேற யாருகிட்டயும் போகாம இருக்கேன், இப்பவே ஒரு வார்த்தை சொல்லிரு."

நிவேதா அவனைப் பார்த்தாள். அவன் சாலையைப் பார்த்தபடி, சரி என்று தலையசைத்தான்.

"ஊருக்கு வந்து பேசுறோம் ஆச்சி" என்று வைத்துவிட்டாள்.

"வாரோம்னு சொல்ல வேண்டியதுதான?" என்றான்.

"சொல்லிருவோம்."

ஊருக்குத் திரும்புவதற்குள் அவன் வாயால் சொல்ல வேண்டும். இதை அவள் கிளம்பும்போதே மனதில் முடிந்துவைத்திருந்தாள். அவளாகக் கேட்டால் ஒன்றுமில்லை என்பான். ஒன்றுமில்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்றவே அவன் இன்னும் எத்தனை நாள் இந்தக் காரை ஓட்டுவானோ.

முட்டத்துக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. பாறைகள் செம்மண் நிறத்தில் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. மழை கழுவி வைத்த ஈரம். கடல் கறுத்திருந்தது. வானமும் கடலும் ஒட்டும் இடத்தில் ஒரு வெளிறிய கோடு. அவன் அந்தக் கோட்டைப் பார்த்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "வெயில் அந்த எடத்துலதான் கீழ எறங்கும். கொஞ்ச நேரந்தான் நிக்கும். வா." டீக்கடைப் பெண் கல்லாவிலிருந்து கூப்பிட்டாள். "அங்கோட்டு எறங்காதிய சார், வழுக்கும். அலை சொல்லிட்டு வராது."

"மேலயே நிப்போம்க்கா" என்று அவன் சொல்லிவிட்டு, கீழே இறங்கினான்.

அவள் பின்னால் போனாள். அவன் ஒவ்வொரு பாறையிலும் காலை வைத்துப் பார்த்து, பிறகு உடம்பைக் கொண்டுபோனான். முன்பு இப்படி நடப்பவன் இல்லை. கல்யாண வீட்டில் நாற்காலிமேல் தாவி ஏறுகிறவன். ஒரு தட்டையான பாறை கிடைத்தது. மேற்கே, கரையோரமாக நீண்டு கிடக்கும் பாறைகளைப் பார்த்தபடி ட்ரைபாடை விரித்தான். கடல் அவனுக்கு இடப்பக்கத்தில் இருந்தது. அவள் கைப்பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு போய், அவனுடைய வலப்பக்கம் நின்றாள்.

வெயில் வந்தது. மேகத்தின் அடியில் ஒரு கீறல் விழுந்து, அதன் வழியே மஞ்சள் வழிந்து பாறைகளின் விளிம்பில் மட்டும் பட்டது. மற்றதெல்லாம் இருட்டாகவே இருந்தது. அவன் ஒரு கறுப்புக் கண்ணாடியை லென்ஸின் முன்னால் செருகினான். ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்தால் அலைகள் புகை மாதிரி பதியும் என்று முன்பே அவளுக்குச் சொல்லியிருக்கிறான். அமுக்கினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். படம் திரையில் வந்ததும் "நிவே, பாரு" என்றான். அவள் குனிந்து பார்த்தாள். பாறைகள் வெள்ளைப் புகையில் மிதந்தன. ஒரு மனிதர்கூட இல்லை. அவன் முகத்தில் அவள் வெகுநாள் பார்க்காத ஒன்று இருந்தது. இதற்காகவே வந்திருக்கலாம் என்று நினைத்தாள். கேட்க வேண்டாம், இந்த வெயில் போகும்வரை எதுவும் வேண்டாம் என்று நினைத்தாள்.

"இன்னும் ஒண்ணு" என்று அவன் மறுபடி அமுக்கினான்.

அவன் பார்த்த பக்கத்தை அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலுக்கும் அவளுக்கும் நடுவில் அவன் நின்றான். மேலேயிருந்து யாரோ கத்தும் சத்தம் கேட்டது. என்ன என்று திரும்புவதற்குள் அவன் தோளுக்குப் பின்னால் தண்ணீர் எழுந்து நின்றது. அவன் அசையவில்லை. லென்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றான். தண்ணீர் அவன்மேல் விழுந்த பிறகுதான் அவன் உடம்பு திடுக்கிட்டது. ட்ரைபாட் சரிந்தது. அவன் முழங்காலில் விழுந்து, பக்கவாட்டில், பாறையின் சரிவை நோக்கி வழுக்கினான். அவளுக்குக் கிடைத்தது அவன் பையின் வார். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் திரும்பிப் போகும்போது இருவரையும் சேர்த்து இழுத்தது. பாறையின் ஒரு பிளவில் அவள் குதிகால் மாட்டி நின்றது. பிறகு இழுப்பு நின்றது.

கேமரா இரண்டு பாறைகளுக்கு நடுவில் தலைகுப்புறக் கிடந்தது. அவன் அதை எடுக்கவில்லை. அவன் உள்ளங்கை கிழிந்திருந்தது. அவள் அவன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"வந்தத நான் பாக்கல" என்றான்.

"நானும் பாக்கல." பிறகு சொன்னாள். "தப்பான பக்கம் நின்னுட்டேன்."

அவன் திரும்பவில்லை. உப்புத் தண்ணீர் அவன் காதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"எப்பருந்து தெரியும்?"

"நெற்குப்பையிலருந்து."

"அன்னைக்கே கேட்டுருக்கலாம்ல?"

"நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்பதற்கா, இல்லை என்பதற்கா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. மெல்லத் தவழ்ந்துபோய்க் கேமராவை எடுத்து வந்தான். அதன் வாயிலிருந்து தண்ணீர் ஒழுகியது. மேலேயிருந்து கத்திய இரண்டு மீனவர்கள் இறங்கி வந்து, ஆளுக்கொரு கை கொடுத்தார்கள்.

டீக்கடையில் பெஞ்சில் நனைந்தபடி உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் பழைய வேட்டித் துணி ஒன்றைக் கொடுத்தாள். நிவேதா அதைக் கிழித்து அவன் கையில் சுற்றினாள். டீ டம்ளரை அவன் எதிரில், வலப்பக்கமாக வைத்தாள். அவன் அதைக் கவனித்தான்.

"மதுரைக்கு ஆல்பம் வாங்கப் போனேன்னு சொன்னேன்ல, அன்னைக்குக் காட்டுனேன். கண்ணுல அழுத்தமாம். போனது திரும்ப வராதுன்னாக. இருக்கறதப் பாத்துக்கணுமாம். ஒரு சொட்டு மருந்து."

"போடுறீகளா?"

"ஸ்டுடியோவுல வச்சுப் போடுறேன்."

"வலது கண்ணு?"

அவன் டீயைக் குடித்தான். "அதுக்கு மறுபடி வரச் சொன்னாக. ஏதோ மெஷின்ல பாக்கணுமாம்."

"போனீகளா?"

அவன் கடல் பக்கம் திரும்பினான். கடலுக்குமேல் மேகத்தின் கீறல் மூடிக்கொண்டுவிட்டது. எது பாறை, எது அலை என்று தெரியவில்லை.

"கடலைப் பாத்துட்டு அந்த மெஷினுக்குப் போலாம்னு நெனச்சேன்" என்றான் கடைசியில். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். அவன் அவசரமாக, "கார்டுல படம் இருக்கும். கார்டு நனைஞ்சா ஒண்ணும் ஆகாது" என்றான்.

வெளியே தூறல் தொடங்கியிருந்தது. காருக்கு நடந்தார்கள். அவள் அவனுடைய இடப்பக்கம் நடந்தாள். அவன் சாவியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, சட்டையில் துடைத்து, பானட்டின்மேல் வைத்தான். பிறகு சுற்றிக்கொண்டு போய் இடது கதவருகே நின்றான். அவள் சாவியை எடுத்தாள். அவள் லைசென்ஸ் வாங்கி ஓட்டியதெல்லாம் பள்ளத்தூர் வரைக்கும்தான். இங்கிருந்து காரைக்குடிக்கு முழுவதும் இருட்டும் மழையும்.

சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். வைப்பரைப் போட்டாள். ரிவர்ஸ் கியர் போட்டபோது, இடப்பக்கம் ஒரு சுற்றுலா வேன் சாலையை மறைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

"அங்குட்டு யாரும் வாராகளா, பாருங்க."

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று உறைத்தது. அவன் இருக்கையிலேயே உடம்பை முழுக்கத் திருப்பினான். கண்ணாடியை இறக்கி, துணி சுற்றிய கையைக் கதவில் ஊன்றி, வலது கண் வெளியே போகும்வரை கழுத்தைத் திருப்பி எட்டிப் பார்த்தான். மழை அவன் முகத்தில் விழுந்தது.

"இரு" என்றான்.

அவளுக்குப் பக்கவாட்டுக் கண்ணாடியில் யாரும் தெரியவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் காத்திருந்தாள். அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான்.