பஷீர் மாமா அடித்த நம்பர்

பல்லடம் ரோட்டில் லாரியின் பின்புறம் மோதி முகம் நசுங்கிய கார், உக்கடத்தில் பஷீரின் பட்டறை வாசலில் பத்து நாளாகக் கிடந்தது. அதை வாடகைக்கு ஓட்டித்தான் தாரிக் தாராபுரத்தில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தான். இன்சூரன்ஸ் கிடைத்தால் வண்டி மறுபடி ஓடும். இல்லையென்றால் கடன் கொடுத்தவர்கள் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சேதத்தைப் பார்க்க அன்று இன்சூரன்ஸ் சர்வேயர் கதிர்வேல் வந்திருந்தார்.

நாலு மாதத்துக்கு முன்னால்தான் பழைய இஞ்சின் இறுகி நின்றுபோனது. புதுசுக்கு ஒன்றரை லட்சம் கேட்டார்கள். அம்மாவின் தம்பியான பஷீர், உடைக்க வந்த வண்டி ஒன்றின் இஞ்சினை ஐம்பதாயிரத்துக்குப் பேசி முடித்து, கூலியில்லாமல் மாட்டிக்கொடுத்தார்.

“ஆர்டிஓ ஆபீசுல இஞ்சின் நம்பரை மாத்தோணுமாம், இன்சூரன்சுக்கும் சொல்லோணுமாம் மாமா” என்று தாரிக் இழுத்தான்.

“அதுக்கு ஒரு வாரம் அலையோணும். வண்டி நின்னா உங்கூட்டுல அடுப்பெரியுமா? ஆர்சி புக்குல இருக்கற நம்பரையே இதுல அடிச்சுட்டாப் போச்சு, கண்ணு.”

இஞ்சினில் இருந்த நம்பரைத் தேய்த்து அழித்துவிட்டு, அப்படியே அடித்தும் போட்டார்.

கதிர்வேல் இஞ்சின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண்கள் எழும்பி வந்தன.

“ஏனுங்க தம்பி, இந்த அஞ்சு மட்டும் கீழ எறங்கி நிக்குது. கம்பெனியில தூக்கக் கலக்கத்துல அடிச்சாங்களாட்ட இருக்குது?”

தாரிக் குனிந்து எண்களைப் பார்த்தான். “இஞ்சின் மாத்துனதுங்க. பழசு போயிருச்சு.”

“மாத்துனது தப்பில்லீங்க. பில்லை வெச்சு ஆர்சியில ஏத்தியிருந்தா முடிஞ்சுது. ஏத்தாம உட்டிருந்தாக்கூட, கெஞ்சிக் கேட்டா கொஞ்சம் பணத்தைப் புடிச்சுக்கிட்டு மீதியைக் குடுத்திருப்பாங்க. இது இருந்த நம்பரை அழிச்சு வேற அடிச்சிருக்குது. திருட்டு இஞ்சினான்னு கேப்பாங்க. யாரு அடிச்சதுங்க?”

பஷீர் நாலடி தள்ளிக் கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூருக்கு வந்த முதல் எட்டு மாதமும் தாரிக் தின்றது அவர் வீட்டுச் சோறு. ஆனால் பேரைச் சொல்லிவிட்டால் தப்பு தன்மேல் நிற்காது, பணம் வந்துவிடும் என்று தோன்றியது.

“மாமாதானுங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்.”

பின்பாதி பொய்; அன்று இழுத்ததோடு சரி, வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. பஷீர் கை துடைப்பதை நிறுத்தவில்லை.

“யாரு அடிச்சிருந்தாலும் வண்டி உங்க பேர்ல இருக்குதுங்க. கிளைம் வராது” என்றபடி கதிர்வேல் எழுதத் தொடங்கினார். “அவரு பேரு என்னங்க, போர்டுல இருக்கற பஷீரா?”

“அதை மட்டும் உட்டுருங்க சார்.”

“சொல்லிப்போட்டீங்களே தம்பி.”

கதிர்வேலின் பைக் கிளம்பிய பிறகு தாரிக் ஊரில் அம்மாவுக்குச் சேதியைப் பேசிப் பதிந்து அனுப்பலாம் என்று போனை வாயருகே கொண்டுபோனான். பிறகு அதை இறக்கிவிட்டான்.

“நீ ஒண்ணும் பேச வேண்டாம். எங்கக்காகிட்ட நானே சொல்லிக்கறேன், நாந்தான் கெடுத்தேன்னு. நீயும் அதத்தானே சொன்னே” என்றார் பஷீர். கந்தலை டப்பாவில் எறிந்தார். “நாளைக்கு வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போயிரு. போலீசு வந்தா இங்க நிக்கக் கூடாது.”