முதுகில் வெயில்

நடீன் மண்வெட்டியை ஓங்கிப் பாத்தியில் போட்டாள். ஊதா இதழும் அதில் தாடிபோல் மஞ்சள் மயிருமாக இடுப்புயரம் நின்ற ஐரிஸ் பூச்செடி கிழங்கோடு பிளந்து சாய்ந்தது. அடுத்த வெட்டில் இன்னொன்று.

அவள் அப்பாவின் சவப்பெட்டியில் வைக்கப் பூ எடுக்க வந்த ஐரிஸ் சங்கத் தலைவி திருமதி டோலன் அலறினாள்.

"அடியே, பூத்து நிக்கிறதை யாராவது தோண்டுவாங்களா? பூவெல்லாம் உதிர்ந்து ஜூலை வர்ற வரைக்கும் பொறுக்கக்கூடாதா? உங்கப்பா உருவாக்கின ரகம்டி!"

"பொறுத்தது போதும்."

அந்த மிசூரி ஊரில் அவள் அப்பா ஆர்வில் ஹோல்கம் என்றால் பூ மாதிரி மனிதர். புது ரகம் உண்டாக்க ஒரு பூவின் மகரந்தத்தைத் தூரிகையில் தொட்டு இன்னொன்றில் வைக்கும் கையைப் பார்த்து ஊரே உருகும். வீட்டுக்குள் அதே கை என்ன செய்தது என்று தெரிந்த நாலு பேரும் வாயில் கொழுக்கட்டையோடு இருந்தார்கள்.

சிறுமியாக இருந்தபோது நடீன் ஆசையாகக் கிழங்கு நட்டாள். உருளைக்கிழங்கு நடுவதுபோல ஆழப் புதைத்துவிட்டாள். வசந்தத்தில் வெறும் இலைதான் வந்தது.

"ஆழமாப் புதைச்சா பூக்காது. கிழங்கு முதுகுல வெயில் படணும். எங்க, திருப்பிச் சொல்லு!"

அப்பா வார்த்தைக்கு ஓர் அடி வைத்தார், மண்வெட்டிக் காம்பால், அவள் முதுகில். குறுக்கே விழுந்த அம்மாவுக்கு விலா எலும்பு முறிந்தது. படியில் விழுந்ததாக டாக்டரிடம் அம்மாவே சொன்னாள்.

நேற்று முன்தினம் இதே பாத்தியில்தான் ஆர்வில் மாரடைப்பில் விழுந்தார்.

அம்மா வெர்னா வாசலுக்கு வந்தாள். மே மாதப் புழுக்கத்திலும் கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு.

"போதும்டி. கையைக் கழுவு, நேரமாச்சு."

"செத்த பிறகும் அவர் பக்கந்தானா நீ? ஒரு தடவையாவது எனக்காகப் பேசேம்மா!"

வெர்னா வண்டியை நோக்கி நடந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கக் கயிறு கோத்தார்கள். வெர்னா குழியின் விளிம்பில் போய் எட்டிப் பார்த்து, குழி வெட்டியவனைக் கேட்டாள்.

"தம்பி, இவ்வளவுதான் ஆழமா?"

"எல்லாருக்கும் இதே அளவுதாம்மா."

"இன்னும் வெட்டுங்க."

"ஜனங்க காத்திருக்காங்களேம்மா…"

"காத்திருக்கட்டும். நல்லா ஆழமா."

திருமதி டோலன் கையிலிருந்த பூங்கொத்து நழுவியது. குழிக்குள் மண்வெட்டிச் சத்தம் மறுபடி எழுந்தது. நடீன் வந்து அம்மாவை ஒட்டி நின்றாள்.

வெர்னா கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கோட்டை மகளிடம் கொடுத்தாள். கை முழுக்கக் கன்றல்களும் தழும்புகளும். ஊர் பார்த்தது. அவள் குழிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். வெயில் அவள் முதுகில் விழுந்தது.